பிறவியிலேயே இப்படித்தான்: மார்பு எக்ஸ்ரேயில் தெரியும் வித்தியாசங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. படத்தில் இருக்கும் நோயைப் பற்றிக் கேட்பவர்களைவிட, நோயே இல்லாத ஒரு வார்த்தையைப் பார்த்துப் பயந்து வருபவர்கள்தான் அதிகம். அவர்கள் கேட்டவற்றையும், பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள் கேட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ரிப்போர்ட்டில் ‘நார்மல் வேரியன்ட்’ என்று போட்டிருக்கிறது. அது நார்மலா, இல்லையா?

நார்மல்தான். சிலருக்குக் காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கும், சிலருக்குத் தொங்கும். இரண்டும் காதுதானே? உடம்புக்குள்ளும் அப்படித்தான். இரத்தக் குழாய் எந்தப் பக்கம் வளைகிறது, நுரையீரலில் எத்தனை மடிப்பு, விலா எலும்பு எத்தனை என்பதெல்லாம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வேலை கெடாமல் வடிவம் மட்டும் மாறியிருந்தால் அதை வேரியன்ட் என்கிறோம். வேலை கெட்டால் பிறவிக் குறைபாடு.

ஆனால் இந்தக் கோடு அவ்வளவு அழுத்தமானதல்ல. ஒரே கழுத்து விலா எலும்பு ஒருவருக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே இருக்கும், இன்னொருவருக்குக் கையை மரத்துப்போக வைக்கும். அதனால் அந்த வார்த்தையைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஏன் என்று பின்னால் வருகிறது.

‘அசைகஸ் லோப்’ என்று எழுதியிருக்கிறார்கள். நுரையீரலில் கூடுதலாக ஏதோ வளர்ந்திருக்கிறதா?

எதுவும் வளரவில்லை. அசைகஸ் என்பது முதுகெலும்பின் வலது பக்கமாக மேலே ஏறி, பெரிய சிரையில் போய்ச் சேரும் ஒரு சிரை. கரு வளரும்போது இந்தச் சிரையின் முன்வடிவம் வலது நுரையீரலின் உச்சியைச் சுற்றிக்கொண்டு நடுப்பகுதிக்கு வர வேண்டும். சிலருக்கு அது சுற்றிப் போகாமல், நுரையீரலை அழுத்திக்கொண்டு குறுக்கே இறங்கிவிடுகிறது. கயிற்றில் போட்ட ஈரத் துணியின் மேல் இன்னொரு கயிறு அழுத்தினால் விழும் மடிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மடிப்புக்கு உள்பக்கம் மாட்டிக்கொண்ட நுரையீரல் துண்டுக்குத்தான் அந்தப் பெயர். தனக்கென்று மூச்சுக்கிளை இல்லாததால் அது உண்மையான நுரையீரல் மடலே (லோப்) அல்ல.

படத்தில் இதை அடையாளம் காண்பது எளிது. வலது உச்சியிலிருந்து வெளிப்புறமாக வளைந்து இறங்கும் ஒரு மெல்லிய கோடு, அதன் அடியில் கண்ணீர்த் துளி போன்ற ஒரு நிழல். அந்தத் துளிதான் சிரை. கோடு ஏன் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், நுரையீரல் உறை அங்கே நான்கு அடுக்காக மடிந்திருக்கிறது. ஆயிரம் மார்பு எக்ஸ்ரேயில் ஏறக்குறைய நான்கில் தெரியும். சிடி ஸ்கேனில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் பார்க்கலாம்.

நம் ஊரில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. நுரையீரல் உச்சி என்பது டிபி விரும்பி உட்காரும் இடம். அங்கே ஒரு கோடு தெரிந்தால் உடனே பழைய தழும்பு, குழி என்று மனம் ஓடும். துளி நிழலைத் தேடிப் பார்த்தால் அந்த ஓட்டம் நின்றுவிடும்.

கழுத்தில் கூடுதலாக ஒரு விலா எலும்பு இருக்கிறதாம். எடுத்துவிட வேண்டுமா?

தொந்தரவு இல்லையென்றால் தொட வேண்டாம். நூற்றில் ஒருவருக்கும் குறைவாக இது இருக்கும், பெண்களிடம் சற்று அதிகம். கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பிலிருந்து கிளம்பும். சிலருக்கு விரற்கடை நீளம், சிலருக்கு முதல் விலாவைத் தொடும் அளவு.

இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: இது கழுத்து விலாவா, சிறுத்துப்போன முதல் விலாவா என்று குழப்பம் வந்தால் முள்ளெலும்பின் பக்க நீட்சியைப் பாருங்கள். கழுத்தின் கடைசி எலும்பில் அது கீழ்நோக்கிச் சாயும், மார்பின் முதல் எலும்பில் மேல்நோக்கிப் போகும். நானும் ஆரம்பத்தில் விலாவை மேலிருந்து எண்ணி எண்ணித் தடுமாறியவன்தான்.

சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போவது, கையைத் தூக்கி வேலை செய்தால் வலி, கை குளிர்ந்து வெளுப்பது என்று ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த எலும்போ, அதன் நுனியிலிருந்து போகும் நார்ப்பட்டையோ, கைக்குப் போகும் நரம்பையும் தமனியையும் நெருக்கலாம். நெருக்கப்பட்ட தமனி வீங்கி, உள்ளே இரத்தம் உறைந்து, விரல்களுக்குத் துணுக்குகள் போவது அரிது. ஆனால் அது கையையே பாதிக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பின்னாளில் முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தால், விலாவை வைத்து எலும்பை எண்ணும்போது கணக்கு ஒன்று தவறக்கூடும். அறுவை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

விலா எலும்பு நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது?

சாதாரணம். பெரும்பாலும் நான்காவது விலாவில் முன்பக்கம் இருக்கும். நெஞ்சில் கை வைத்துப் பார்த்து, கட்டி என்று பயந்து வருவார்கள். கூடவே தாடை எலும்பில் நீர்க்கட்டிகள், தோலில் புற்றுக் கட்டிகள் என்று இருந்தால் மட்டும் கார்லின் நோய்த்தொகுதியை நினைக்க வேண்டும். அது மிக அரிது.

இரண்டு மாதக் குழந்தைக்கு நெஞ்சின் நடுவில் பெரிய நிழல். கட்டியா?

பெரும்பாலும் தைமஸ். நோய் எதிர்ப்புச் செல்கள் பக்குவப்படும் சுரப்பி இது. கைக்குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் மிகப் பெரியதாக இருக்கும், வளர வளரச் சுருங்கும். மூன்று வயதுவாக்கில் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாமல் போய்விடும்.

தைமஸ் மெத்தென்றிருக்கும். அதனால் மூச்சுக்குழலை ஒரு பக்கமாகத் தள்ளாது. விலா எலும்புகள் அழுத்திய இடங்களில் அதன் ஓரம் அலை அலையாகத் தெரியும். சில குழந்தைகளுக்கு வலப்பக்கம் படகின் பாய் விரித்தாற்போல முக்கோணமாக நிற்கும். சந்தேகம் தீராவிட்டால் அல்ட்ராசவுண்ட் போதும், கதிர்வீச்சே வேண்டாம். காய்ச்சலில் சுருங்கிவிட்டு, உடம்பு தேறியதும் திரும்பப் பெரிதாகும். அதையும் புதுக் கட்டி என்று எண்ணிவிடக் கூடாது.

இந்தச் சுரப்பியைப் பற்றி ஒரு பழைய கதை இருக்கிறது. நான் பாடம் எடுக்கும்போதெல்லாம் சொல்வேன். 19-ம் நூற்றாண்டில் மருத்துவர்கள் அறுத்துப் பார்த்த உடல்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. வறுமையிலும் நீண்ட நோயிலும் வாடி இறந்தவர்களின் தைமஸ் சுருங்கித்தான் இருக்கும். அந்தச் சுருங்கிய அளவையே இயல்பான அளவு என்று பாடமாக்கிவிட்டார்கள். பிறகு, நன்றாக இருந்த குழந்தை திடீரென்று இறந்து, அதை அறுத்துப் பார்த்தால் ‘பெரிய’ தைமஸ். இதுதான் மூச்சை அடைத்துக் கொன்றிருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். 1889-ல் வியன்னாவின் பால்டாஃப் இதற்கு ஒரு நோய்ப் பெயரே வைத்தார். 1907-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஃப்ரீட்லாண்டர் என்ற மருத்துவர் ஒரு குழந்தையின் தைமஸை எக்ஸ்ரே கதிரால் சுருக்கிக் காட்டினார். அப்புறம் பல பத்தாண்டுகள், எந்த நோயும் இல்லாத குழந்தைகளின் கழுத்திலும் நெஞ்சிலும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். 1950-ல்தான் டஃபியும் ஃபிட்ஸ்ஜெரால்டும், தைராய்டு புற்று வந்த சிறுவர்களில் பலர் கைக்குழந்தையாக இருந்தபோது இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் என்று கவனித்து எழுதினார்கள். எது இயல்பு என்று தெரியாமல் போனதற்குக் குழந்தைகள் கொடுத்த விலை அது.

இதயம் வலது பக்கம் இருக்கிறது என்கிறார்கள். உண்மையா?

முதலில் படத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். டியூப்லைட்டுக்கு எதிரே ஃபிலிமைத் திருப்பிப் பிடித்து, போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதில் எல்லோருக்கும் இதயம் வலது பக்கம்தான்! ஃபிலிமில் இருக்கும் ‘எல்’ அல்லது ‘ஆர்’ எழுத்து நேராகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். படம் எடுத்தவர் அந்த எழுத்தையே மாற்றி வைத்திருக்கவும் வாய்ப்புண்டு. சந்தேகம் இருந்தால் நோயாளியின் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துப் பார்த்துவிடலாம். அதைவிட எளிய வழி இல்லை.

உண்மையாகவே வலது பக்கம் என்றால், அடுத்து இரைப்பையின் காற்றுக் குமிழியைத் தேடுவேன். அதுவும் வலப்பக்கம் வந்து, கல்லீரல் இடப்பக்கம் போயிருந்தால், உறுப்புகள் அனைத்தும் கண்ணாடியில் பார்த்தாற்போல மாறியிருக்கின்றன. ஏறக்குறைய பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இப்படி. இவர்களில் பெரும்பாலோர் நலமாக இருப்பார்கள். இதயம் மட்டும் வலப்பக்கம், மற்றவை வழக்கமான இடத்தில் என்றால்தான் இதயத்துக்குள் கோளாறு இருக்கும் வாய்ப்பு அதிகம். எக்கோ (இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட்) கட்டாயம்.

முழுதும் மாறியவர்களில் ஒரு பகுதியினருக்குத் தீராத சளி, சைனஸ் தொல்லை, மூச்சுக்கிளைகள் விரிந்துபோதல் ஆகியவை இருக்கும். இந்தச் சேர்க்கையை சுவிட்சர்லாந்தின் கார்டகெனர் 1933-ல் விவரித்தார். மூச்சுப்பாதையில் சளியைத் தள்ளும் நுண்ணிழைகள் வேலை செய்யாததுதான் காரணம். கருவில் உறுப்புகளுக்கு இடம் வலம் தீர்மானிப்பதும் அதே இழைகள்தான். அவை ஓய்ந்துபோனால் இடம் வலம் என்பது காசு சுண்டிப் போட்டதுபோல் ஆகிவிடுகிறது. அதனால்தான் இந்த இழை நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் உறுப்புகள் மாறியிருக்கின்றன. விந்தணுவின் வாலும் இதே கட்டமைப்புதான் என்பதால் ஆண்களுக்குக் குழந்தைப்பேறு தடைபடலாம்.

அப்புறம் ஒன்று. இவர்களுக்குக் குடல்வால் அழற்சி வந்தால் வலி இடது பக்கம் வரும். அவசரத்தில் பார்க்கும் மருத்துவருக்கு இது தெரிய வேண்டும். ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்வது நல்லது.

இதயம் வலப்பக்கம் *தள்ளப்பட்டிருப்பது* வேறு கதை. வலது நுரையீரல் சிறுத்து, அதன் சிரை ஒன்று இதயத்துக்கு நேராகப் போகாமல் கீழே உதரவிதானத்தை நோக்கி வளைந்திறங்கினால், அந்த வளைவு துருக்கிய வாள் போலத் தெரியும். சிமிட்டர் நோய்த்தொகுதி என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

‘ரைட் ஆர்ட்டிக் ஆர்ச்’ என்றால்?

இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி வழக்கமாக மூச்சுக்குழலுக்கு இடப்பக்கம் வளையும். ஆயிரத்தில் ஒருவருக்கு வலப்பக்கம் வளைகிறது. படத்தில் இடது மேல்புறம் இருக்க வேண்டிய முட்டி போன்ற நிழல் அங்கே இருக்காது, வலப்பக்கம் இருக்கும். மூச்சுக்குழல் லேசாக இடப்பக்கம் ஒதுங்கும். இதைக் கவனிக்காமல், வலப்பக்கம் நெறிக்கட்டி என்று எழுதியவர்கள் உண்டு.

கிளைகள் எப்படிப் பிரிகின்றன என்பதுதான் முக்கியம். கண்ணாடி பிம்பம்போல் அப்படியே மாறிப் பிரிந்தால் கூடவே இதயக் கோளாறு இருப்பது பெரும்பாலும் நிச்சயம். ஃபாலோ டெட்ராலஜி என்ற பிறவி இதயக் கோளாறு உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மகாதமனி வலப்பக்கம்தான். இடது கைக்குப் போகும் தமனி மட்டும் கடைசிக் கிளையாகப் பிரிந்து உணவுக்குழாய்க்குப் பின்னால் போவது இன்னொரு வகை. இவர்களுக்குப் பொதுவாக இதயம் நன்றாக இருக்கும்.

சாதம் தொண்டைக்குக் கீழே மாட்டுகிறது. எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் இல்லை. இதற்கும் இரத்தக் குழாய்க்கும் சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். மகாதமனி சரியான பக்கம் இருந்தாலும், வலது கைத் தமனி கடைசிக் கிளையாகப் பிரிந்து உணவுக்குழாயின் பின்புறமாகக் குறுக்கே போவது நூற்றில் ஒருவருக்கு உண்டு. பெரும்பாலோருக்குத் தெரியவே தெரியாது. சிலருக்கு வயதாகித் தமனி விறைக்கும்போது விழுங்குவது சிரமமாகும். லண்டன் மருத்துவர் டேவிட் பேஃபோர்ட் 1794-ல் இப்படி ஒரு பெண்ணைப் பற்றி எழுதி, இயற்கையின் விளையாட்டு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் வைத்தார். பேரியம் குடிக்கவைத்து எடுக்கும் படத்தில் உணவுக்குழாயின் பின்புறம் சாய்வாக ஒரு பள்ளம் விழும். சிடி மிச்சத்தைச் சொல்லிவிடும்.

கைக்குழந்தை பால் குடிக்கும்போது மூச்சு கரகரவென்று இரைந்தால், மகாதமனி இரட்டையாகி மூச்சுக்குழலை வளையம்போல் சுற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை ‘சளி’ என்று தள்ளிப்போடக் கூடாது.

நெஞ்சு குழிவாக இருக்கும் பையனுக்கு நிமோனியா என்று மூன்று முறை மருந்து கொடுத்துவிட்டார்கள். காய்ச்சலே இல்லையே?

மார்பெலும்பு உள்ளே குழிந்திருந்தால் இதயம் இடப்பக்கம் நகரும், அதன் வலது ஓரம் மங்கிப்போகும். வலது நடு மடலில் நிமோனியா வந்தாலும் இதே ஓரம்தான் மங்கும். பின்பக்க விலாக்கள் படுக்கையாகவும் முன்பக்க விலாக்கள் செங்குத்தாக இறங்கியும் தெரிந்தால் குழிவு என்று புரிந்துகொள்ளலாம். பக்கவாட்டுப் படம் ஒன்று எடுத்தால் விவாதமே முடிந்தது. சட்டையைக் கழற்றிப் பார்த்திருந்தால் அதுவும் தேவையில்லை.

குழிவின் அளவுக்கு ஹாலர் குறியீடு இருக்கிறது: நெஞ்சின் உள் அகலத்தை, குழிந்த இடத்தில் மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையே உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். இயல்பாக 2.5 அளவில் இருக்கும். 3.25-ஐத் தாண்டினால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம்.

படத்தில் தெரிவதெல்லாம் நெஞ்சுக்குள் இருப்பதுதானா?

இல்லை. எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய ஜடை தோளில் கிடந்தால், நுரையீரல் உச்சியில் டிபி போலவே நிழல் விழும். அந்த நிழல் காறை எலும்பைத் தாண்டிக் கழுத்து வரை போகிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்படும். தாலிச் சரடு, தாயத்து, புடவைப் பின் எல்லாம் இதே ரகம். முலைக்காம்பின் நிழலை நுரையீரல் முடிச்சு என்று எண்ணுவது உலகம் முழுக்க நடக்கிறது. காம்பில் சிறு உலோகக் குறி ஒட்டித் திரும்ப எடுத்தால் தெளிந்துவிடும். ஒரு பக்க மார்புத் தசை பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு, அந்தப் பக்க நுரையீரல் கூடுதலாகக் கறுத்துத் தெரியும். நுரையீரலில் குறை ஒன்றும் இருக்காது.

குழந்தைக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா வருகிறது. ஏன்?

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதே இல்லை. புரையேறிய கடலைப்பருப்பு மூச்சுக்கிளையில் அடைத்திருக்கலாம். இல்லையென்றால் பிறவியிலேயே தனித்துவிட்ட நுரையீரல் திசுவாக இருக்கலாம். அந்தத் திசு மூச்சுக்கிளைகளோடு சரியாகச் சேராமல், மகாதமனியிலிருந்து நேராக இரத்தம் வாங்கிக்கொண்டு, பெரும்பாலும் இடது அடிப்பகுதியில் உட்கார்ந்திருக்கும். அந்தத் தமனியைச் சிடியில் கண்டுபிடித்து அறுவை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தெரியாமல் வெட்டினால் இரத்தம் பீறிடும்.

பிறந்த குழந்தைக்கு மூச்சுத் திணறல். படத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு. காற்று கசிந்திருக்கிறதா?

காற்றை வெளியேற்ற நெஞ்சில் குழாய் போடும் முன் இன்னொரு முறை படத்தைப் பாருங்கள். அந்தக் கறுப்புக்குள் மெல்லிய இரத்தக் குழாய்க் கோடுகள் ஓடினால் அது கசிந்த காற்றல்ல, ஊதிப்போன நுரையீரல் மடல். இடது மேல்மடலில் அதிகம் வரும். அதைக் குத்திக் குழாய் வைத்தால் கேடுதான்.

குமிழ் குமிழாகத் தெரிந்தால் குடலாக இருக்கலாம். உதரவிதானத்தின் பின்புறத் துவாரம் மூடாமல் குடல் நெஞ்சுக்குள் ஏறிவிடுவது, பெரும்பாலும் இடப்பக்கம், ஏறக்குறைய 3,000 பிரசவங்களுக்கு ஒன்று. வயிறு ஒட்டிப்போயிருக்கும். மூக்கு வழியாக விட்ட இரைப்பைக் குழாய் நெஞ்சில் சுருண்டு தெரிந்தால் கேள்வியே இல்லை. இந்தக் குழந்தைக்கு முகமூடி வைத்துக் காற்று அழுத்தக் கூடாது. குடல் உப்பி நுரையீரலை இன்னும் நசுக்கும்.

நுரையீரலில் உருண்டையாக ஒரு நிழல். ஊசி குத்திப் பார்க்கலாம் என்கிறார்கள். சரியா?

நிழலுக்குள் ஒரு குழாய் நுழைந்து இன்னொன்று வெளியேறுவதுபோல் தெரிகிறதா என்று முதலில் கேளுங்கள். தமனியும் சிரையும் நேராக இணைந்த பிறவி முடிச்சாக இருந்தால் ஊசி ஆபத்து. வீட்டில் பலருக்கு அடிக்கடி மூக்கில் இரத்தம் வருகிறது என்றால் சந்தேகம் இரட்டிப்பாகும். இரத்தம் நுரையீரலில் வடிகட்டப்படாமல் போவதால் பக்கவாதம்கூட வரலாம். குழாய் வழியாகப் போய் அடைத்துவிடும் சிகிச்சை இருக்கிறது.

தொந்தரவு இல்லாத வேரியன்ட்டை மருத்துவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

அவர் உங்கள் உடம்புக்குள் எதையாவது நுழைக்கப் போகும் நாளுக்காக. இருநூறு முந்நூறு பேரில் ஒருவருக்கு இடப்பக்கமும் ஒரு பெரிய மேற்சிரை இருக்கும். பேஸ்மேக்கர் கம்பியோ ஐசியூ குழாயோ வழக்கத்துக்கு மாறாக நெஞ்சின் இடப்பக்கமாக இறங்கும்போது, தமனிக்குள் போய்விட்டதோ என்று எல்லோரும் பதறுவார்கள். சிலருக்கு வலது மேல்மடலுக்கான மூச்சுக்கிளை, மூச்சுக்குழலிலிருந்தே நேராகப் பிரியும். மயக்க மருந்தின்போது வைக்கும் குழாய் அதன் வாயை மூடினால் அந்த மடல் சுருங்கிப்போகும். மேலே சொன்ன வலது கைத் தமனி இடம் மாறியவர்களுக்குக் குரல் நரம்பின் பாதையும் மாறியிருக்கும். தைராய்டு அறுவை செய்பவருக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டிய செய்தி.

எல்லாவற்றுக்கும் சிடி எடுத்துவிட்டால் நல்லதல்லவா?

வேண்டாம். ஒரு நேர் மார்பு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு ஏறக்குறைய 0.02 மில்லிசீவர்ட். இயற்கையாகவே நமக்கு ஆண்டுக்கு சராசரியாக 2.4 கிடைக்கிறது. மணவாளக்குறிச்சி பக்கத்து மோனசைட் மணலில் வாழ்பவர்களுக்கு இன்னும் அதிகம். சராசரிக் கணக்கில் எக்ஸ்ரே என்பது மூன்று நாளில் இயற்கையாகவே கிடைக்கும் அளவுதான். மார்பு சிடியோ இரண்டு மூன்று ஆண்டுக்கானது. தேவைப்பட்டால் தயங்காமல் எடுக்கலாம். அசைகஸ் கோட்டை உறுதிப்படுத்த மட்டும் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் எக்ஸ்ரேயில் ஏதோ நிழல் என்று நிறுத்திவிட்டார்கள். என்ன செய்வது?

பழைய படத்தைத் தேடுங்கள். ஐந்து வருடம் முன்பு எடுத்ததிலும் அதே நிழல் அதே அளவில் இருந்தால், அதைவிட வலுவான சாட்சி இல்லை. மார்பு நோய் மருத்துவரிடமோ கதிரியக்க மருத்துவரிடமோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, இது பிறவி அமைப்பு, நோயல்ல என்று எழுதி வாங்குங்கள். ஃபிலிமை மடிக்காமல், வெயில் படாமல் பீரோவில் வையுங்கள். குறுந்தட்டில் பதிந்து கொடுத்தால் அந்தத் தட்டையும் அதோடு போட்டு வையுங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, எனக்குப் படம் வேண்டும்.